என் பெயரில் துடித்த மச்சான்

மூன்று வாரம் என் மச்சானின் இதயத்தை என்னுடையது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் நம்பினார், நர்ஸ் நம்பினார், மெஷினும் நம்பியது. அந்த இதயத்தில் கோளாறு என்று தெரிந்த நாளில், "ஐயோ, அது என்னுடையதில்லை, அவனுடையது" என்று உண்மையைச் சொன்னேன். ஒரு ஈ காக்கைகூட நம்பவில்லை.

விஷயம் என் வலது முட்டியில் ஆரம்பித்தது. எழுபத்திரண்டு வருஷம் உழைத்த முட்டி. கடைசிக் காலத்தில் அது போட்ட சத்தத்தில், நான் தெருவில் போனால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து போய்த் தன் கதவுக்கு எண்ணெய் விடுவார். ஒரே வருஷத்தில் மூன்று டின் விட்டார். இப்போது அந்தக் கதவு யாராவது தும்மினால் திறந்துகொள்கிறது.

முட்டியை மாற்றிவிட்டு டாக்டர் சொன்னார்: "என் வேலை முடிஞ்சுது ஐயா. இனிமே உங்க வேலை. தினமும் ரெண்டாயிரம் அடி நடக்கணும். நாலு வாரம். வீட்டுலயே இருங்க, நாங்க இங்க இருந்தே பாத்துக்கறோம்."

"நடக்கலன்னா?"

"பயிற்சி வார்டுல ரெண்டு வாரம் வந்து தங்கணும்."

அந்த வார்டை நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு விசில் ஊதுகிறார்கள். வாழ்ந்து முடித்த பெரிய மனிதர்கள் எல்லாம் ரப்பர் பட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி, "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஒருவர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே ஏதோ கெஞ்சினார். அன்றைக்கே முடிவு செய்தேன், உயிர் போனாலும் அங்கே போவதில்லை என்று.

ஆனால் நடப்பது எப்படி? நான் முப்பத்துநான்கு வருஷம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு தினம் நூறு தடவை ஏழு மாடி ஏறி இறங்கியவன். ஊரே நடந்தபோது நான் பொத்தானை அமுக்கினேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் இரண்டு சாமான் கொடுத்தார்கள். ஒன்று மணிக்கட்டில் கட்டும் பட்டை. நாடித்துடிப்பு, எத்தனை அடி நடந்தேன், எப்போது படுத்தேன், எல்லாவற்றையும் அது எண்ணி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். அங்கே ஒரு செயற்கை நுண்ணறிவு உட்கார்ந்து படிக்கும். ஏதாவது சரியில்லை என்று பட்டால் கண்காணிப்பு அறை நர்ஸிடம் சொல்லும். நர்ஸ் டாக்டரிடம் சொல்வார். இன்னொன்று, மேஜைமேல் வைக்கும் டேப்லெட். காலையில் அது பெண் குரலில் கேள்வி கேட்கும். இன்று முட்டியை எத்தனை முறை மடக்கினீர்கள்? மாத்திரை போட்டீர்களா? வலி எவ்வளவு? நான் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தேன். என் சொந்த மாமியாரும் கேள்வி கேட்பார். ஆனால் பதிலை எதிர்பார்க்க மாட்டார். இவள் எதிர்பார்ப்பாள்.

கேட்டதில் ஒரே ஒரு கேள்விதான் வினையாகிப் போனது. கடைசியில் தினமும், "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்பாள். என்னிடம் யாரும் அப்படிக் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டாளே என்று, ஒரு தடவை என் லிஃப்ட் ஏழாவது மாடியில் நிற்காமல் எட்டாவது மாடிக்குப் போன கதையைச் சொன்னேன். கட்டடத்தில் எட்டாவது மாடி கிடையாது. ஆனாலும் கதவு திறந்தது. அங்கே ஓர் ஆபீஸ் நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் ரொம்ப மரியாதையானவர்கள், யாருக்கும் அவசரமே இல்லை. எனக்கு நாற்காலி போட்டார்கள். முப்பத்துநான்கு வருஷ சர்வீஸில் எனக்கு நாற்காலி போட்ட ஒரே மாடி அதுதான்.

மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நன்றி, பதிவு செய்துகொண்டேன்" என்றாள். மறுநாள் ஞாபக சக்தி டாக்டரைப் பார்க்கச் சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. அவர் என்னைக் கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். சொன்னேன். "எட்டாவது மாடி?" என்றார். "இப்போ அங்க யாரும் இல்ல, காலி பண்ணிட்டாங்க" என்றேன். என் மருத்துவக் குறிப்பில் அது இன்னமும் இருக்கிறது: நோயாளி இல்லாத மாடிக்குப் போய்வந்ததாகக் கூறுகிறார். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் புரியும்.

முதல் நாள் இருநூற்றுப் பன்னிரண்டு அடி நடந்தேன். இரண்டாம் நாள் நூற்றுத் தொண்ணூறு. என் மனைவி கணக்கைப் பார்த்துவிட்டு, "இதுல பாதி பிஸ்கட் டப்பாவுக்குப் போய்ட்டு வந்தது" என்றாள்.

அப்போதுதான் மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவன், வயது அறுபத்தாறு. மின்சார மீட்டர் பார்க்கும் வேலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன். அவன் நடந்து நடந்து எங்கள் பக்கத்துத் தெருக்கள் ஒரு விரற்கடை கீழே இறங்கிவிட்டன. மழை பெய்தால் தண்ணீர் அவன் பாதையில்தான் ஓடும். வேலையை விட்டும் நடையை விடவில்லை. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழரை வரை பழைய தெருக்களையே சுற்றுவான். ஒவ்வொரு கேட்டிலும் ஒரு கணம் நின்று உள்ளே மீட்டர் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வான். ஒரு வீட்டில் இவனைத் திருடன் என்று நினைத்து நாய் வாங்கினார்கள். அந்த நாயும் இப்போது இவனோடு சேர்ந்து நின்று மீட்டரைப் பார்க்கிறது.

ஆஸ்பத்திரி என்றாலே அவனுக்கு இளக்காரம்.

"எனக்கு ஆஸ்பத்திரியும் ஒரு வீட்டு மீட்டர்தான் அத்தான். கேட்டுக்கு வெளிய நின்னு பாத்துட்டுப் போயிடுவேன்."

"உனக்கென்னடா, காலு இருக்கு."

"உங்களுக்குந்தான் புதுசா போட்டிருக்காங்களே. நடந்தா என்ன, தேஞ்சா போகும்?"

"தேஞ்சுதானே மாத்தினாங்க."

அவன் சிரித்தான். நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். பிறகு அவன் மணிக்கட்டைப் பார்த்தேன். ஒரே அளவு. இவ்வளவு பெரிய உலகத்தில் கடவுள் எதையும் காரணமில்லாமல் ஒரே அளவில் செய்வதில்லை.

ஏற்பாடு எளிது. என் மனைவி குளிக்கப் போனதும், அவளுக்குத் தெரியாமல், அவன் வாசலுக்கு வந்து பட்டையை வாங்கிக்கொள்வான். ஏழரைக்கு வந்து திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்கா கையால் காபி குடிப்பான். ஏழரை வரை நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன், உள்ளே வேலையாக இருக்கும் மனைவி நான் தெருவில் நடப்பதாக நினைத்துக்கொள்வாள். அவ்வளவுதான். மறுநாள் மாமியார் குரலில் அப்படி ஒரு குழைவு. "மிக நன்று! நேற்று ஒன்பதாயிரத்து நானூறு அடிகள்."

"டேய், கொஞ்சம் கம்மியா நட. ரெண்டாயிரம்தான் கேட்டாங்க" என்றேன் மச்சானிடம்.

"கம்மியா நடக்கறதெல்லாம் எனக்குத் தெரியாது அத்தான். வேணும்னா பட்டையை உங்க சட்டைப் பையில வச்சுக்குங்க."

விட்டுவிட்டேன். இரண்டாவது வாரம் முட்டி டாக்டர் என் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துத் தன் அறைச் சுவரில் ஒட்டியிருப்பதாகச் செய்தி வந்தது. நர்ஸ் கூப்பிட்டு, மற்ற நோயாளிகளுக்கு ஊக்கமாக வீடியோவில் நாலு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டார். மன உறுதி என்ற தலைப்பில் ஏழு நிமிஷம் பேசினேன். பேசி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. பேசியது முழுக்க உட்கார்ந்துகொண்டே.

இருபத்திரண்டாம் நாள் காலை எட்டு மணி. மச்சான் பட்டையை என் கையில் திணித்துவிட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். டேப்லெட் அடித்தது. மாமியார் இல்லை, கண்காணிப்பு அறை நர்ஸின் முகம். அந்தப் பெண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் முன்னாலும் பின்னாலும் "பதற வேண்டாம்" என்பார். கேட்டவர் கட்டாயம் பதறிவிடுவார்.

"பதற வேண்டாம் ஐயா. நீங்க காலையில நடக்கும்போது உங்க நாடித்துடிப்பு தாறுமாறா போகுது. ஒரு துடிப்பு வேகமா, ஒரு துடிப்பு மெதுவா, ஒரு ஒழுங்கே இல்ல. நாலு நாளா கொஞ்ச நேரம் வந்து தானா சரியாயிட்டிருந்தது. இன்னைக்கு ஒண்ணரை மணி நேரம் நிக்கவே இல்ல. சிஸ்டம் சிவப்புக் குறி போட்டு அனுப்பிடுச்சு. இதய டாக்டரும் பாத்துட்டாங்க. வண்டி அனுப்பறோம், உடனே வந்துடுங்க."

"வரலன்னா?"

"உள்ள ரத்தம் கட்டிக்கலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம். ஒரு பக்கம் கை கால் விழுந்துடும். பதற வேண்டாம்."

என் மனைவி "என்னங்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்து பையில் என் சட்டைகளைத் திணிக்க ஆரம்பித்தாள். நான் சமையலறைக் கதவு வழியாக மச்சானைப் பார்த்தேன். பேப்பரைத் திருப்பினான். திருப்பிவிட்டு நெஞ்சுக்கு நடுவில் கையை வைத்து, ஒட்டிக்கொண்ட நூலைத் துடைப்பதுபோல் ஒரு தடவை தடவிக்கொண்டான்.

இரண்டு நிமிஷம் நான் பேசவில்லை. அப்படிப் பேசாமல் இருந்தது அதற்கு முன் மயக்க மருந்து கொடுத்தபோது மட்டும்தான். பேசாமல் வண்டியில் ஏறிப் போனால் எனக்கு ஒரு கேடும் இல்லை. சோதித்துப் பார்ப்பார்கள், என் நெஞ்சு கடிகாரம்போல் அடிக்கும், மெஷின் தப்பு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இன்னும் ஒரு வாரம் போனால் நாலு வாரமும் முடிந்துவிடும். பட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் இவன் எந்தக் கேட்டில் விழுந்தாலும் அந்த நாய்தான் பார்க்கும். நான் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன். ஒரு பொய்யும் யாரையும் படுக்கையில் தள்ளியதில்லை.

"அம்மா, அது என் இதயம் இல்ல" என்றேன் நர்ஸிடம். "என் மச்சானோடது. தினமும் காலையில பட்டையை அவன்தான் கட்டிக்கிட்டு நடக்கறான். நான் நடக்கவே இல்ல."

நர்ஸ் என்னையே பார்த்தார். பிறகு அவர் கண் பக்கத்திலிருந்த இன்னொரு திரைக்குப் போயிற்று. எதைப் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"ஐயா, போன வாரம் எட்டாவது மாடின்னு..."

"அது வேற விஷயம்மா."

"நீங்க பயப்படறீங்கன்னு எனக்குப் புரியுது. பயத்துல மனசு இப்படியெல்லாம் சொல்லும். வண்டி கிளம்பிடுச்சு."

என் மனைவி பையோடு வந்து நின்றாள். "உசிருக்கு ஆபத்துங்கறாங்க, இந்த நேரத்துலயுமா கதை? நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகாம தப்பிக்கறதுக்கு என் தம்பியை இழுக்கறீங்களே, நியாயமா இது?"

"அவனையே கேளு."

"தம்பி, உண்மையாடா?"

சமையலறையிலிருந்து, பேப்பருக்குப் பின்னாலிருந்து, குரல் மட்டும் வந்தது. "அத்தான் எப்பவும்போல விடறாரு அக்கா. நீ சட்டையை எடுத்து வை."

பாருங்கள். மூன்று வாரம் கூட்டாளியாக இருந்தவன். அக்காவின் வாய்க்குப் பயந்து தன் நெஞ்சையே என் தலையில் கட்டுகிறான்.

எனக்குத் தெரிந்து அந்தக் கூட்டத்தில் என்னைப் பற்றி முன்முடிவு இல்லாதது ஒன்றுதான், பட்டையைப் படிக்கும் அந்த மெஷின். "அம்மா," என்றேன் நர்ஸிடம், "என்னை நம்ப வேண்டாம். உங்க மெஷினைக் கேளுங்க. காலையில தெருவுல நடக்கறவனும், பகல்ல வீட்டுக்குள்ள பாத்ரூமுக்குப் போறவனும் ஒரே ஆளான்னு கேளுங்க. அது ஒண்ணு மட்டும் கேளுங்க."

பெரியவரின் மனசைச் சமாதானப்படுத்தலாம் என்று நர்ஸ் நினைத்திருப்பார். கேள்வியைத் தட்டினார். இரண்டு மூச்சு விடும் நேரம். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பகல்ல வலது கால் குட்டை அடி, தயங்கித் தயங்கி வைக்குது. காலையில ரெண்டு காலும் சமம், நீள அடி. இது..." மறுபடி படித்தார். "ரெண்டும் ஒரே ஆளா இருக்க வாய்ப்பே இல்லங்குது."

"அது ஏன் இத்தனை நாளா வாயைத் தொறக்கல?" என்றாள் என் மனைவி, சண்டைக்குப் போகிற குரலில்.

"நாங்க கேக்கவே இல்லம்மா. ஒரு பட்டைக்குள்ள ஒரு ஆள்தான் இருப்பார்னு நம்பித்தான் அதைச் செஞ்சிருக்காங்க. இப்படியும் செய்வாங்கன்னு யாருக்கும் தோணல."

உலகத்தில் என்னை முழுசாக நம்பியது அந்த மெஷின் ஒன்றுதான். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட நேரமில்லை, என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள்.

"டேய்."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. கல்லு மாதிரி இருக்கேன். பத்தாயிரம் அடி நடக்கறவனுக்கு என்ன வரும்? அந்த மெஷினுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்."

நான் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் வைத்தேன். இதற்குப் பதினாறு அடி ஆயிற்று, எல்லாம் என் சொந்த அடி.

"நீங்க நடுவுல நடுவுல நிக்கறீங்களே, ஏன்?" என்று கேட்டார் நர்ஸ்.

"அது தொழில் பழக்கம்மா. ஒவ்வொரு வீட்டு மீட்டரையும் பாத்துட்டுத்தான் கால் நகரும். முப்பத்தொரு வருஷம்."

"முதல் நாள் ஒவ்வொரு இடத்துலயும் நாலு நொடி நின்னிருக்கீங்க. பத்தாம் நாள் பதினொண்ணு. இன்னைக்கு இருபத்தாறு நொடி. மீட்டர் பாக்க இருபத்தாறு நொடி ஆகுமா?"

மச்சான் நிமிர்ந்துவிட்டான். காது நுனி சிவந்துவிட்டது. "என்ன பேசறீங்க? மழையில, இருட்டுல, கண்ணாடி உடைஞ்ச பெட்டியிலகூட நாலு நொடியில பாத்துடுவேன். அதுக்கு மேல ஆனா அவன் மீட்டர் ரீடரே இல்ல!"

சொல்லிவிட்டு வாயை மூடினான். சொன்னது அவன் காதிலும் விழுந்துவிட்டது. என் மனைவி அவன் தோளில் கையை வைத்தாள். அறுபத்தாறு வயது ஆள், ஒரு கணம் பள்ளிக்கூடத்துப் பையன்போல் உட்கார்ந்திருந்தான்.

நான் பட்டையைக் கழற்றி நீட்டினேன். அவனே மணிக்கட்டைக் காட்டினான். கட்டினேன். திரையில் ஒரு கோடு ஓட ஆரம்பித்தது. படிப்பில்லாத எனக்கே தெரிந்தது. குதித்தது, படுத்தது, இரண்டு தடவை அவசரமாகக் குதித்தது, மறுபடி என்னவோ யோசித்தது. நர்ஸ் இந்தத் தடவை "பதற வேண்டாம்" என்று சொல்லவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"வண்டி தெருமுனையில வந்துடுச்சு. ஆளை மட்டும் மாத்தி ஏத்துங்க" என்றார்.

இதய டாக்டர் ஓர் அம்மா. குறைவாகப் பேசுகிறவர். ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து, இதயத்தின் மேல் அறைகள் இரண்டும் ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்குகின்றன என்றார். ரத்தம் கட்டாமலிருக்க ஒரு மாத்திரை, துடிப்பை அடக்க ஒரு மாத்திரை, நாலு நாள் படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். "இன்னும் கட்டி எதுவும் ஏற்படல. நல்ல நேரத்துல வந்திருக்கீங்க." பிறகு கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்தார். "பொதுவா என்கிட்ட வர்றவங்களுக்கு எப்ப வருது, எவ்வளவு நேரம் இருக்குன்னு சொல்லத் தெரியாது. இவருக்கு மூணு வாரத்துக்கு நிமிஷக் கணக்கா இருக்கு. இவ்வளவு தெளிவா எனக்குக் கிடைச்சதே இல்ல." என் பக்கம் திரும்பினார். "ஆனா முழுக்க உங்க பேர்ல இருக்கு. இதை நான் பாராட்டறதா திட்டறதா?"

"ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது செய்ங்க டாக்டர்" என்றேன்.

திட்டும் வேலையை முட்டி டாக்டர் பார்த்துக்கொண்டார். சுவரிலிருந்த வரைபடத்தைக் கையோடு கிழித்துக்கொண்டே வந்தார். மன உறுதி பற்றிய வீடியோவையும் எடுத்துவிட்டார்கள், பதினெட்டுப் பேர் அதைப் பார்த்து ஒழுங்காக நடந்துகொண்டிருந்தார்கள் பாவம். பயிற்சி வார்டில் இரண்டு வாரம், அன்றைக்கே சேர்க்கை. என் மனைவி பையில் எடுத்து வைத்த சட்டைகள் எனக்கே பயன்பட்டன. மச்சானின் வார்டும் என் வார்டும் ஒரே தளம், நடுவில் ஒரு நீளமான நடைக்கூடம்.

அவன் என்னோடு ஒரு நாள் பேசவில்லை. நோய்க்காக இல்லை. "அக்காகிட்ட போட்டுக் குடுத்துட்டீங்களே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அக்கா கேட்டால் "ஒண்ணுமில்ல", டாக்டர் கேட்டால் "ஒண்ணுமில்ல". எப்போதிலிருந்து இப்படி என்றால் "இன்னைக்குத்தான்". டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது எத்தனை நாளாக இருக்கிறது என்று சரியாகத் தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்ய முடியும், கேட்டுப் பாருங்கள் என்றார். கேட்டேன். போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை. விசிலுக்கு எழுந்து, ரப்பர் பட்டையோடு என் கடமையை முடித்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி அவன் வார்டுக்குப் போனேன். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே மாமியாரின் குரல். கட்டில் தலைமாட்டிலும் ஒரு டேப்லெட் வைத்திருக்கிறார்கள், அதே கேள்விகள், அதே பொறுமை.

"மூச்சு வாங்குகிறதா?"

"ஒண்ணுமில்ல."

"சரி. உங்கள் வீட்டில் மாடிப்படி இருக்கிறதா?"

"இருக்கு."

"ஏறும்போது எந்தப் படியில் நிற்பீர்கள்?"

நான் திரைக்கு வெளியே நின்றுவிட்டேன். மூச்சு வாங்குகிறதா என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்பார்கள். எந்தப் படி என்று அவனை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

போர்வை விலகும் சத்தம் கேட்டது. பிறகு, "ஒன்பதாவது" என்றான். "போன வருஷம் பதினஞ்சாவது."

"ஒன்பதாவது படியில் நிற்கும்போது என்ன செய்வீர்கள்?"

"செருப்பைச் சரி பண்ற மாதிரி குனிவேன். யாரும் பாத்தா."

அப்புறம் அவள் அதிகம் கேட்கவில்லை. அவனே சொல்லிக்கொண்டு போனான். அவன் அப்பா ஒரு நாள் முடியவில்லை என்று உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்றான். உட்கார்ந்தால் போயிற்று என்று பயம், அதனால்தான் நடந்துகொண்டே இருந்ததாகச் சொன்னான். முதலில் எல்லாக் கேட்டிலும் பழக்கத்தால்தான் நின்றானாம். எந்த நாளிலிருந்து அது மாறியது என்று அவனுக்குத் தெரியவில்லையாம். இப்படியே ஒரு முக்கால் மணி நேரம். கூட்டிப் பார்த்தால் ஒன்றரை வருஷக் கதை. எனக்கு முட்டி கெஞ்சியது. ஆனாலும் அசையவில்லை. அந்த இரண்டு வாரத்தில் நான் செய்த கடினமான பயிற்சி அதுதான்.

அன்று மத்தியானமே டாக்டரம்மா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவன் மாமியாரிடம் சொன்னதையெல்லாம் படித்திருந்தார். "உங்களை யாரும் உக்கார வைக்கப் போறதில்ல" என்றார் எடுத்ததும். "மாத்திரையை ஒழுங்கா போடுங்க. உங்க பேர்லயே ஒரு பட்டை தர்றோம். நடங்க. மெதுவா நடங்க. மூச்சு வாங்கினா நில்லுங்க, நின்னா தப்பில்ல. துடிப்பு அடங்கலன்னா மறுபடி ஒழுங்குக்குக் கொண்டுவர வேற வழி இருக்கு, அதையும் பாக்கலாம்."

"நடக்கலாமா?" என்று மறுபடி கேட்டான்.

"நடந்துதான் ஆகணும்."

அவன் என் மனைவியைப் பார்த்தான். "அக்கா, கேட்டியா?"

"காது இருக்குடா எனக்கு" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இன்னொரு தடவை எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் பட்டையைக் கை மாத்துங்க, அப்ப இருக்கு."

நாலாம் நாள் அவனை எழுந்து நடக்கச் சொன்னார்கள். நர்ஸ் கூட வர எழுந்தார். "வேண்டாம், அத்தான் வருவாரு" என்றான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், அவன் என் பக்கத்தில். இரண்டு பேர் கையிலும் தனித்தனிப் பட்டை. எனக்கு ஏற்றபடி அவன் மெதுவாக வருகிறானா, அவனுக்கு ஏற்றபடி நான் மெதுவாகப் போகிறேனா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. எங்களுக்கும் தெரியவில்லை. எதிரே துணித் தள்ளுவண்டி வந்தது. ஒதுங்கி வழி விட்டோம். நடைக்கூடத்தின் பாதியில், ஜன்னல் ஓரம், அவன் நின்றான்.

"என்னடா?"

"மூச்சு வாங்குது அத்தான்" என்றான். தண்ணீர் கொண்டாங்க என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னான்.

"சரி" என்றேன். ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் மூச்சு அடங்கியதும், "ம்" என்றான். கிளம்பினோம்.